எந்த மொழியிலும் இரண்டு சொல்

"நோயாளியால் ஒரு மூச்சில் இரண்டு சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை. தமிழிலும் முடியவில்லை, பர்மிய மொழியிலும் முடியவில்லை."

2009 ஆகஸ்டில் நான் வேறொரு மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் இந்த இரண்டு வரிகள் இருக்கின்றன. கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, தமிழாக்கம் என்னுடையது. அதன் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது. மாதமும் ஆண்டும் தெளிவாகத் தெரிகின்றன. நாள் எழுதிய மூலையில் மழை பட்டு மை கரைந்துவிட்டது. அது பதினான்கா பத்தொன்பதா என்று பலமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தேதிகளில் எனக்கு இருக்கும் பிடிவாதம் என்னுடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடுகிறேன்.

அந்தக் கடிதத்தைப் பிறகு பார்த்த நண்பர் ஒருவர், "மருத்துவக் கடிதத்தில் மொழி ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்டுச் சிரித்தார். வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

அந்த மழைக்காலத்தில் யாங்கோன் முழுவதும் ஒரே பேச்சு பன்றிக் காய்ச்சல்தான். தேநீர்க் கடைகளில் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அதைப் பற்றிப் பேசினார்கள். தும்மியவனைப் பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்போது நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய தரும மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி. சிலருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஓய்வெடுத்து, கஞ்சி குடித்து, தாமாகவே தேறினார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு நிம்மதி வந்திருந்தது. அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் வேறு வகை நோயாளி ஒருவர் நுழைந்தால் கண்ணில் படுவது கடினம். காய்ச்சல் இறங்கிய பிறகு மூச்சு திணறுகிறவர்தான் அந்த வேறு வகை. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சாந்தியை ஒரு நண்பகலில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியினிலிருந்து கொண்டுவந்தார்கள். பாலத்தைத் தாண்டி, நிரம்பி வழிந்த பேருந்தில், தாயார் ஒரு பக்கமும் கணவன் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்து வந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி. தாயார் ராசம்மா சுத்தமான தமிழ்க்காரர். மருமகன் கோ ஸோ பர்மியர், தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக். பெண்ணுக்குச் சில நாள்களாகக் காய்ச்சலும் இருமலும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் வளைகாப்பு நடந்திருந்தது. உறவினர் கூட்டம், சித்ரான்னம், சிரிப்பு, நடுவே இருமிக்கொண்டிருந்த யாரோ ஒரு விருந்தாளி. இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். விரல் நுனிகள் எல்லாம் கறுத்துச் சிவந்த மருதாணி. கால் விரல்களையும் விட்டுவைக்கவில்லை. உடம்புச் சூடு தணியட்டும் என்று மாமியார் வீட்டில் முகம், கழுத்து, கை எல்லாம் தனக்கா அரைத்துப் பூசியிருந்தார்கள். பர்மியப் பெண்கள் கன்னத்தில் வட்டமாகத் தடவிக்கொள்ளும் அதே மஞ்சள் மரப்பட்டைச் சாந்துதான். இவளுக்கு முகமே தெரியாத அளவுக்கு அப்பியிருந்தது.

இரண்டு வீட்டாரும் அவளைச் சீராட்டியிருந்தார்கள். அந்தச் சீராட்டலுக்கு அடியில் எங்கோ நோயாளி இருந்தாள்.

முதலில் பார்த்தவர் டாக்டர் நிலார். அப்போது இளம் டாக்டர், கவனமானவர், இன்றும் அவரை மதிக்கிறேன். அவர் பர்மிய மொழியில் சாந்தியிடம் கேட்டார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நோயாளியிடம் கேட்டால் குடும்பம் பதில் சொல்லும். எத்தனை நாள் காய்ச்சல், என்ன சாப்பிட்டாள், சளி என்ன நிறம் என்று எல்லாவற்றையும் கோ ஸோதான் சொன்னான். சாந்தி தலையை ஆட்டினாள்.

நான் போனபோது ராசம்மா எழுந்து நின்றார்.

"டாக்டரய்யா, காச்சல் எறங்கிருச்சு. நேத்து கொதிச்ச ஒடம்பு இன்னிக்குச் சில்லுனு இருக்கு. ஒரு டானிக் எழுதிக் குடுத்தீங்கன்னா இருட்டுறதுக்குள்ள பாலம் தாண்டிருவோம்."

"மூச்சு வாங்குதே, அம்மா."

"ஏழு மாசமில்ல. இவ வயித்துல இருந்தப்போ நான் மாடிப்படி ஏறினா பாதியில உக்காந்திருவேன். அதுல என்ன இருக்கு."

நிலார் என்னைத் தனியே அழைத்து, டாக்டர்களை அழைக்கும் வழக்கப்படி 'சயா' என்று தொடங்கிப் பர்மிய மொழியில் சொன்னார். "சயா, விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் கருவி சரியாக் காட்டலை. தொண்ணூத்தஞ்சுக்கு மேல வரணும். எண்பதுகள்ல ஏதோ ஒரு எண் வருது, மறையுது, திரும்ப வருது. மருதாணிதான் காரணம்னு நினைக்கிறேன். போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணுக்கும் இப்படித்தான் காட்டுச்சு. அவங்க நல்லாத்தான் இருந்தாங்க."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. மருதாணியும் நகப்பூச்சும் அந்தக் கருவியைக் குழப்பும். ஏழு மாதக் கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கும். காய்ச்சல் இறங்குவது நல்ல அறிகுறி. நானும் தலையசைத்தேன்.

தமிழ்க் குடும்பம் என்றால் நான் தமிழில் பேசிவிடுவேன். என் தகப்பனார் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் பைபிளும் தமிழ், சண்டையும் தமிழ். எங்கள் சமூகத்தில் தமிழ் பேசும் டாக்டரைக் கண்டால் தாய்மாருக்கு ஒரு தெம்பு வரும். ஆகவே கட்டிலோரம் உட்கார்ந்து தமிழிலேயே கேட்டேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"ராத்திரி தூங்கினியா?"

"கொஞ்சம்."

ராசம்மா இடையில் புகுந்தார். "இவளுக்குத் தமிழ்ல இவ்வளவுதான் வரும், டாக்டரய்யா. இவ வாயிலேருந்து முழுசா ஒரு வாக்கியம் கேட்டு வருஷக்கணக்காச்சு. புரியும். பேசத்தான் வராது."

அதையும் ஏற்றுக்கொண்டேன். உங்கள் வயதில் இந்த ஊரில் எத்தனை பேர் அப்படி இருக்கிறீர்கள். தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு பர்மிய மொழியில் பதில் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போயிருந்தது.

பிறகு ராசம்மா என் முகத்தைப் பார்த்து மெல்லக் கேட்டார். "அந்தப் பன்னிக் காச்சலா இருக்காதுல்ல? நாங்க அந்தக் கறிய வீட்டு வாசல்லகூட விடறதில்லையே."

கோ ஸோவுக்கு அந்த அளவு தமிழ் புரியும். மாமியாரை 'அமே', அதாவது அம்மா, என்றழைத்து அரைகுறைத் தமிழில் சொன்னான்: "நான் கடையில சாப்பிடறேன், அமே. எனக்குத் தும்மல்கூட இல்ல."

"அதைப் பெருமையாச் சொல்றான் பாருங்க. வாயைக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வர்றானான்னு யாரு கண்டா."

எல்லோரும் சிரித்தோம். சாந்தியும் சிரித்தாள் என்றே நினைத்தேன். கோ ஸோ சிரிப்போடு என் பக்கம் திரும்பிப் பர்மிய மொழியில் சொன்னான்: "சயா, இவளைத் தமிழ்ல கேட்டா ஊமை. பர்மிய பாஷையில கேட்டுப் பாருங்க, நிறுத்த முடியாது. எங்க தெருவுல யார் வீட்டுல என்ன குழம்புன்னு இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்." பிறகு அவள் பக்கம் குனிந்தான். "அந்த எதிர்வீட்டு அக்கா கதையை சயாகிட்ட சொல்லு."

சாந்தி வாயைத் திறந்தாள். "எதிர்வீட்டு..." என்றாள். நின்றாள். தோள்கள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. "அக்கா..." என்றாள். மறுபடி நின்றாள். பிறகு வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தாள். வளையல்கள் குலுங்கின. கோ ஸோவின் சிரிப்பு சிறிது நேரம் தானாக ஓடி, பிறகு நின்றது.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இன்சீன் பக்கம் வேலை பார்த்தபோது என் மேல்டாக்டராக இருந்தவர். பெயர் வேண்டாம். அவருக்குக் காது மந்தம்; அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஸ்டெதஸ்கோப்பை மரியாதைக்காக நெஞ்சில் வைத்து எடுப்பார். பிறகு நோயாளியிடம் ரயில் தாமதம், அரிசி விலை என்று ஏதாவது வம்பு கேட்டுவிட்டு, அவருடைய வாயையும் கழுத்தெலும்பையுமே பார்த்துக்கொண்டிருப்பார். பதில் அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் பேசுகிறவர் எந்த இடத்தில் மூச்சுக்கு நிறுத்துகிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். அவர் ஆறுதலாகக் கேட்கிறார் என்று நோயாளிகள் நினைத்துக்கொண்டார்கள். வாக்கியம் உடைகிற இடத்தை அவர் கண்ணால் படித்தார் என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

அன்று சாந்தியின் கட்டிலோரம் அவர் நினைவுதான் வந்தது. தமிழ் வராததால் அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவில்லை. மூச்சு வராததால் சொன்னாள். எனக்குப் பிடித்த மொழியில் நான் கேட்டேன். அவளுக்குப் பழகிய மொழியில் கேட்டபோது கணவன் பதில் சொன்னான். அவள் பேசி அதுவரை யாருமே கேட்கவில்லை.

நர்ஸிடம் ஈரத்துணி கேட்டேன். முகத்திலிருந்த தனக்காவைத் துடைத்தோம். மஞ்சளுக்கு அடியில் உதடுகள் ஈயம் பூத்தது போல் இருந்தன. நகங்களைப் பார்க்க வழியில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வயிற்றில் கை வைக்காமல் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே, முழு நிமிடமும் மூச்சை எண்ணினோம். எண்ணி முடிக்கும் முன்பே நிலார் என்னைப் பார்த்தார்.

"கருவி சரியாத்தான் காட்டியிருக்கு, சயா," என்றார்.

அதுவரை, மூச்சு வாங்கியதற்குக் கர்ப்பம் காரணம். கருவியின் எண்ணுக்கு மருதாணி காரணம். முகத்தின் நிறத்துக்குத் தனக்கா காரணம். பேச்சு குறைந்ததற்குத் தமிழ் காரணம். ஒவ்வொன்றும் தனித்தனியே ஏற்கத்தக்க காரணம்தான். ஒரே நோயாளியிடம் நாலு குறிகளுக்கு நாலு வெவ்வேறு சமாதானங்கள் தேவைப்பட்டால், ஐந்தாவதாக ஒன்றை யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணமாக அது இருக்கும். நுரையீரல்.

ஆக்ஸிஜன் வைத்தோம். அடுத்தது என்ன என்பதுதான் கடினம். பன்றிக் காய்ச்சலுக்கான ஓசல்டமிவிர் மாத்திரை எங்களிடம் இல்லை. அது காய்ச்சலுக்கென்று ஒதுக்கப்பட்ட மருத்துவமனையின் தனி வார்டில் மட்டுமே இருந்தது. தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து அனுப்பினால் முடிவு வரச் சில நாள் ஆகும். அந்த மருந்தோ முன்னதாகக் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே நாள்கள் போய்விட்டன.

நிலார் ஒரு கேள்வி கேட்டார். "அங்கே அனுப்பின பிறகு இது அந்தக் காய்ச்சல் இல்லைன்னு ஆனா? சாதாரண நிமோனியாவா இருந்தா? நோய் உள்ளவங்க நடுவுல ஒரு கர்ப்பிணியை நாமே கொண்டுபோய் விட்ட மாதிரி ஆகுமே, சயா."

சரியான கேள்வி. அனுப்பினாலும் தவறாகலாம், அனுப்பாவிட்டாலும் தவறாகலாம். அந்த மாதிரி நேரத்தில் எது சரி என்று தேடிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். எந்தத் தவறைப் பிறகு திருத்த முடியும் என்று பாருங்கள். அனுப்பியது தவறானால் அவளைத் தனி அறையில் வைக்கச் சொல்லலாம், திரும்ப அழைத்துக்கொள்ளலாம். எங்களிடமே வைத்திருந்து அது தவறானால், அரைகுறையாக இருந்த சிலிண்டரையும் அடிக்கடி நிற்கும் மின்சாரத்தையும் நம்பித்தான் அவளும் வயிற்றுப் பிள்ளையும் இருக்க வேண்டும். நிலார் தொலைபேசியை எடுத்து, தனி அறை கிடைக்கும் வரை அந்தப் பக்கத்தில் பேசியவரை விடவே இல்லை. நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ராசம்மாவிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது.

"அங்க என்னை உள்ள விடுவாங்களா?"

"விட மாட்டாங்க, அம்மா."

"அப்போ வேணாம். உள்ள போனா யாரு இருக்கா இவளுக்கு? வீட்டுல வச்சு நான் பாத்துக்கறேன்."

மருந்து, எண், எக்ஸ்ரே என்று நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் கோ ஸோதான் முகம் வெளுத்துப்போய் அவரிடம் சொன்னான்: "அமே, அவ கதை சொல்லலை. எதிர்வீட்டு அக்கா கதையை அவளால சொல்ல முடியலை."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய வரச் சொல்லுங்க," என்றார்.

இன்னும் ஒரு தடை இருந்தது. கையில் ஊசி ஏற்ற வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். வளையல்கள் இடம் விடவில்லை. நர்ஸ் உடைக்கலாமா என்று கேட்டதும் ராசம்மா நிமிர்ந்தார்.

"புள்ள பெறக்கறதுக்கு முந்தி இதுல கை வைக்கக் கூடாது."

எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இல்லை. அதை மீறச் சொல்லும் துணிவும் இல்லை. நர்ஸ் கெட்டிக்காரி, பேரம் பேசினாள். "ஒரு கை எங்களுக்குக் கொடுங்க, அம்மா. ஒரு கை உங்களுக்கு." ராசம்மா யோசித்தார். சோப்பு நுரை தடவி, இடது கை வளையல்களை ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல் அவரே கழற்றினார். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டார். வலது கையில் எல்லாம் அப்படியே இருந்தன. இந்தப் பேரத்தையும் கடிதத்தின் அடியில் குறித்தேன்: வலது கையைத் தொட வேண்டாம்.

அங்கே எடுத்த படத்தில் இரண்டு நுரையீரல்களிலும் நிமோனியா. மருந்தை அன்றே தொடங்கினார்கள். ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கவில்லை. அந்த வார்டு மாடியில் இருந்தது. தாயும் மருமகனும் குடை பிடித்துக்கொண்டு கீழே முற்றத்தில் நிற்பார்கள். நர்ஸ் ஒருத்தி ஜன்னலோரம் கட்டிலை நகர்த்தி வைத்திருந்தாள். சாந்தி வலது கையைக் கண்ணாடிக்கு நேரே தூக்குவாள். சத்தம் கீழே கேட்காது; வளையல்கள் மட்டும் தெரியும். ஒரு நாள் கை வரவில்லை. அன்று முழுவதும் ராசம்மா முற்றத்தை விட்டு நகரவில்லை என்று கோ ஸோ பிறகு சொன்னான். அன்று அவளுக்கு முகமூடியில் ஆக்ஸிஜனைக் கூட்டியிருந்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டியிருக்கும் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கை வந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அந்த வார்டு டாக்டரிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "உங்கள் நோயாளி பேச வேண்டுமாம்," என்றார். அவர் குரலில் சலிப்பு இருந்தது, நல்ல சலிப்பு.

சாந்தி பர்மிய மொழியில் தொடங்கினாள். கஞ்சியில் உப்பில்லை, பக்கத்து அறையில் இருப்பவர் இரவெல்லாம் குறட்டை விடுகிறார், நர்ஸ் நல்லவள் ஆனால் தலை வாரத் தெரியவில்லை, கணவன் கீழே நிற்கும்போது குடையைத் தன் தலைக்கு மட்டும் பிடிக்கிறான், அம்மா நனைகிறாள், இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று ஒரே ஓட்டம். அவள் சொன்னதில் பாதி என் மனதில் தங்கவில்லை. எங்கே நிறுத்துகிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே நிலாரிடம் நீட்டினேன். அவரும் கேட்டார்.

குழந்தை மாதம் நிறைந்து பிறந்தது, பெண். 2010இல், மழை தொடங்கும் முன், மூவரும் குழந்தையோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். வலது கையில் இப்போது சாதாரணமாக இரண்டு வளையல்தான். சாந்தி நிலாரிடம் பர்மிய மொழியில் பிரசவக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கோ ஸோ என்னைப் பார்த்து, "நான் சொன்னேனே, சயா," என்பதுபோல் சிரித்தான்.

ராசம்மாவுக்குத் திருப்தி இல்லை. "டாக்டரய்யாகிட்ட தமிழ்ல ரெண்டு வார்த்தை சொல்லுடி."

சாந்தி என் பக்கம் திரும்பினாள். "நல்லா இருக்கேன்," என்றாள். நின்றாள். நான் என்னையறியாமல் அவள் தோள்களைப் பார்த்தேன். அவை அசையவில்லை. அவள் சொல் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. சிரித்துவிட்டாள்.

அன்று வீடு திரும்பும்போது மனம் லேசாக இருந்தது.

ஒரு பாக்கி. தொண்டையிலிருந்து எடுத்து அனுப்பிய மாதிரியின் முடிவு எங்கள் கைக்கு வரவேயில்லை. வார்டு டாக்டர் "அதுதான்" என்று வாய்மொழியாகச் சொன்னதாக நிலார் சொல்கிறார். தாளில் நான் பார்த்ததில்லை. வளைகாப்பில் இருமிய விருந்தாளி யார் என்பதும் தெரியாது. ஆகவே கார்பன் பிரதியின் ஓரத்தில் நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: பன்றிக் காய்ச்சல் என்று கருதிச் சிகிச்சை தரப்பட்டது, தாயும் சேயும் நலம், ஆய்வு முடிவு பார்க்கப்படவில்லை.